எண்பது பல்

காரைக்குடி செக்காலை ரோட்டில் பல் ஆஸ்பத்திரி.
வெள்ளி காலை ஒன்பதுக்குத் திறப்பு.
இன்று வியாழன், மணி நாலு.
அலமாரியின் நெற்றிக்கு
இன்னும் பதினோரு அடி பீடிங் பாக்கி.

நான் வெட்டுகிறேன். இருளப்பன் ஒட்டுகிறான்.
சேலைக்கு மேல் போட்ட சட்டையை
முழங்கைக்கு மேலே மடித்தாயிற்று.
தலைப்பு இடுப்பில்.
வளையல் டிபன் டப்பாவுக்குள்.

மெஷினில் காலையிலிருந்து கிடந்தது
இருபத்துநாலு பல் பிளேடு.
சட்டம் அறுக்க அது போதும்.
பீடிங்கைக் கொடுத்தால்
எலி கரும்பைத் தின்ற மாதிரி ஆகும் ஓரம்.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
எண்பது பல்லை மாட்டினேன்.

"எண்பதா?" என்றார் டாக்டர் நாச்சம்மை,
புது நாற்காலியின் பாலிதீனைக் கிழித்தபடி.
"எனக்கு முப்பத்திரண்டுக்கே நாக்குத் தள்ளுது."

சுண்ணாம்புச் சுவர். முட்டையைத் தடவுவது போல் இருக்கிறது.
மூலைமட்டத்தை வைத்தால் மட்டும்
ஒரு பக்கம் வெளிச்சம் கசிகிறது.
தொண்ணூறு இல்லை, தொண்ணூற்றிரண்டு.
கட்டியவர் பர்மாவிலிருந்து பணம் அனுப்பினார்,
கோணம் அனுப்பவில்லை.

பாதி நாற்பத்தாறு.
ஆனால் மெஷினின் முள்
நாற்பத்துநாலில் நிற்க வேண்டும்.
இருளப்பன் இதை இன்றுவரை நம்பவில்லை.
கழிவுத் துண்டு இரண்டை வெட்டி
மூலையில் சேர்த்துக் காட்டினேன்.
பார்த்தான்.
அப்போதும் நம்பவில்லை.

கடைசி முனையில் ஒரு திரும்பல்:
பீடிங் சுவரைப் பார்த்து மடங்கி முடிகிற துண்டு,
கடைவாய்ப்பல் அளவு.
அறுத்ததும் அவசரத்தில் பிளேடைத் தூக்கினேன்.
டிக்.
எங்கே போனது?
இருளப்பன் ஆத்தங்குடிக் கல்லின் பூக்களுக்குள்
முழங்காலிட்டுத் தேடினான்.
இல்லை.

என் இடது ஆள்காட்டி விரலுக்கு நகம் கிடையாது.
"உத்தரம் அறுக்கும்போதா?" என்று கேட்பார்கள்.
உத்தரத்தைத் தொட எனக்குப் பயம் இருந்தது.
அது பென்சில் தடிமன் ரீப்பர்,
எட்டே செண்டிமீட்டர்.
வீணாக்க மனசு வராமல்
விரலாலேயே பிடித்தேன்.

மெஷினின் முதுகுத் தகட்டில் ஒரு இடைவெளி உண்டு,
பிளேடு போய்வரும் வாசல்.
சின்னது எதுவும் அங்கேதான் சரியும்,
அங்கேதான் கவ்வி எறியும்.
பழைய ப்ளைவுட்டை நிறுத்தி வாசலை அடைத்தேன்.
அதுவும் சேர்ந்து அறுபடட்டும்.
பீடிங்கை நாலடி நீளத்திலேயே விட்டு
மறுமுனையைக் கிளாம்ப் கடிக்க,
அறுபடும் இடத்தில் டேப் சுற்றி,
கையை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

கண்ணாடி போட்டேன். சுவிட்ச்.
முழு வேகம் வரும்வரை மரத்தைத் தொடவில்லை.
பிறகு இறக்கம்,
சோற்றில் நெய் இறங்குகிற மெதுவில்.
சுவிட்சை விட்டேன்.
கையை மேலே எடுக்கவில்லை.
பல் எல்லாம் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிந்து
கடைசிப் பல்லும் நிற்கும்வரை
கீழேயே பிடித்திருந்தேன்.

"வலிச்சா இடது கையைத் தூக்கச் சொல்வேன் நான்,"
என்றார் டாக்டர்.
நான் எதையும் தூக்கவில்லை.

துண்டு டேப்பிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது,
உதிராமல், ஒரு நார்கூடப் பிரியாமல்.
இருளப்பன் பசை தடவி வைத்து
கட்டைவிரலால் அழுத்தி
நூறு எண்ணினான், அறுபதிலிருந்து சத்தமாக.
சேர்ந்த கோடு,
சொன்னால்தான் தெரியும்.

ஆறரைக்குத் துப்பும் கிண்ணத்தில்
தண்ணீர் விட்டுப் பார்த்தார் டாக்டர்.
வடியவில்லை.
இடுக்கியை விட்டுத் துழாவி
எதையோ எடுத்து
அந்தப் பெரிய விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"வேர் இல்லை," என்றார்.
"சொத்தையும் இல்லை. யாருது?"

கை நீட்டி வாங்கிக்கொண்டேன்.
பள்ளத்தூர் போகும்வரை பஸ்ஸில்
டிபன் டப்பாவுக்குள்
வளையலோடு கிலுகிலுத்துக்கொண்டே வந்தது.